முதன்முறையாக இரத்தம் கொடுக்க அலுவலகத்திலிருந்து பதினொரு பேர் போகிறோம்: சில சந்தேகங்கள்

கேள்வி: சேரன்மகாதேவிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் சேரன்மகாதேவியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு வந்து, ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 26. போன மாதம் எங்களுடன் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவிக்குப் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு நிற்காமல் போய், இரவு பதினொரு மணிக்கு மேல் நான்கு யூனிட் இரத்தம் தேவைப்பட்டது. அவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டபோது, முப்பது பேர் இருக்கும் அந்தக் குழுவில் தங்கள் இரத்தப் பிரிவு இன்னதென்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லை. தாயும் குழந்தையும் இப்போது நலமாக இருக்கிறார்கள். ஆனாலும் அந்த இரவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தது எல்லோர் மனத்தையும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அன்று பாளையங்கோட்டையில் உள்ள இரத்த வங்கிக்குப் பதினொரு பேர் சேர்ந்து போவதென்று முடிவு செய்திருக்கிறோம். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் இதுதான் முதன்முறை.

என் சந்தேகங்களைச் சொல்லிவிடுகிறேன். என் எடை 47 கிலோ. போன ஆண்டு காய்ச்சல் வந்தபோது எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.9 என்று வந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன், அதற்குப் பிறகு பரிசோதிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னதும், "ஏட்டி, உன் உடம்புல இருக்கதே நாலு சொட்டு ரத்தம், அதையும் குடுத்துட்டு வரப் போறியா?" என்று கேட்டார்கள். அம்மா சொல்வதை வெறும் பயம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

இன்னொன்றும் என்னை வாட்டுகிறது. எங்கள் மேலாளர் நல்ல மனத்தோடுதான் சொன்னார் என்றாலும், பதினொரு பேரும் கட்டாயம் கொடுக்க வேண்டும், எல்லோரும் படுக்கையில் இருப்பது போலப் புகைப்படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்கிறார். எங்களில் ஒருவர் இரவுக் காவலர். வேலை முடிந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்கிறார். வேறு ஒருவர் தனக்கு விருப்பமில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேர் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கல்லிடைக்குறிச்சியான்

தங்கச்சி, முதலில் உங்கள் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். நம் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 65 மில்லி என்ற கணக்கில் பார்த்தால் 47 கிலோ எடையுள்ள உங்களுக்கு மூன்று லிட்டர் இரத்தம் இருக்கும். 45 கிலோவுக்கு மேல் இருப்பவர்களிடம் 350 மில்லி எடுப்பார்கள்; 450 மில்லி எடுக்க வேண்டுமானால் 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். எடுத்ததில் நீர்ப்பகுதியை உடம்பு ஓரிரு நாளிலேயே ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரத்தான் ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்காகத்தான் ஆண்களுக்கு 90 நாட்கள், பெண்களுக்கு 120 நாட்கள் என்று இடைவெளி வைத்திருக்கிறார்கள்.

நான் 1996-இல் முதன்முறை கொடுத்தேன். இதுவரை முப்பது தடவைக்கு மேல் கொடுத்திருக்கிறேன். அந்த முதல் நாளை வைத்துச் சொல்கிறேன். விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி, ஒரு துளி இரத்தத்தை நீல நிறமான மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். அந்தத் துளி ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு சிவப்பு மணி போல நேராக அடியில் போய் விழுந்தது. மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் இருக்கிறது என்று பொருள், மிதந்தால் போதவில்லை என்று பொருள். இப்போது பல இடங்களில் சிறிய கருவியிலேயே எண் தெரிந்துவிடுகிறது. அந்த எண்ணிக்கை 12.5-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு கெஞ்சினாலும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. ஆகவே உங்கள் 10.9 பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அங்கே பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமனானதுதான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே போகும்போது சுருக்கென்று வலிக்கும், அதன்பின் வலி இல்லை. கையில் ஒரு மென்பந்தைக் கொடுத்து அழுத்தி அழுத்தி விடச் சொல்வார்கள். பக்கத்தில் இரத்தப் பை தொட்டில் போல மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். பைக்குள் இருக்கும் உறையாமல் தடுக்கும் மருந்து இரத்தத்தோடு நன்றாகக் கலப்பதற்காகத்தான் அந்த ஆட்டம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிடும். என்னை வியக்க வைத்தது வேறொன்று. கையோடு சேர்த்து ஒட்டியிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. என் உடம்புச் சூடு அது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

முந்தின நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் இட்லியோ தோசையோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, போவதற்கு முன் இரண்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது மிகவும் முக்கியம். தலைசுற்றல் வருகிறவர்களில் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள், அல்லது தண்ணீர் குடிக்காமல் வந்தவர்கள். விரதம் இருக்கும் இருவரையும் அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை வந்து கொடுத்தால் போதும். கொடுத்து முடித்ததும் கால் மணி நேரமாவது அங்கேயே படுத்தோ உட்கார்ந்தோ இருந்துவிட்டு, அவர்கள் தரும் பிஸ்கட்டையும் பழச்சாற்றையும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள். சேரன்மகாதேவிப் பேருந்தில் நின்றுகொண்டு போக வேண்டாம். உட்கார இடமில்லாவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.

பதில் 2: பாளை, ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர்

நான் இருபத்தேழு ஆண்டுகள் இரத்த வங்கியில் ஆய்வக நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி உடம்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நீங்கள் மேலாளரைப் பற்றியும் பெயர் சொல்லாத அந்த நண்பரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கூட்டமாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட சிக்கல் அதுதான்.

இரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு படிவம் தருவார்கள். அண்மையில் காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கடந்த ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டீர்களா என்பதில் தொடங்கி, வீட்டில் இருப்பவர்களிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத சில கேள்விகள் வரை அதில் இருக்கும். பெண்களிடம் மாதவிலக்கு நாட்களா, பாலூட்டுகிறீர்களா என்றும் கேட்பார்கள். அவ்வாறு இருந்தால் அப்போது எடுப்பதில்லை. இந்தப் படிவத்தைப் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமல் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். ஆனால் ஓர் அலுவலகத்திலிருந்து கூட்டமாக வரும்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஒரே மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றுகொண்டு, முதல் ஆள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்ததைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக 'இல்லை' என்று குறித்துக்கொண்டே போவார்கள். அதைக் கண்ட ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதறியிருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். எடுக்கப்படும் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கிறோம். ஆனாலும் கிருமி உடம்புக்குள் புகுந்த புதிதில் சில காலம் பரிசோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். அந்த இடைவெளியை எங்கள் துறையில் விண்டோ பீரியட் என்போம். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றக்கூடியது எந்தக் கருவியும் இல்லை, கொடுப்பவர் படிவத்தில் எழுதும் உண்மை ஒன்றுதான். மேலாளர் பார்க்கிறார், சக ஊழியர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தால் ஒருவர் உண்மையை மறைத்துக் கொடுத்துவிட்டால், அந்தப் பை போய்ச் சேருவது உங்கள் நண்பரின் மனைவியைப் போன்ற ஒரு பெண்ணுக்குத்தான்.

ஆகவே உங்கள் மேலாளரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். பதினொரு பேரும் போகலாம், பதினொரு பேரும் உள்ளே போய் ஆலோசகரையோ மருத்துவரையோ தனித்தனியே பார்க்கலாம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்று வெளியே வந்த பிறகு ஒருவரும் ஒருவரையும் கேட்கக் கூடாது. படுக்கையில் இருப்பது போன்ற புகைப்படம் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் படத்தில் இல்லாதவர் யார் என்பதைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். அந்த நண்பரிடம் நீங்கள் காரணம் கேட்காமல் விட்டது மிகவும் சரியான செயல், மகளே. அவர் வர விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தாலும் உள்ளே மருத்துவரிடம் 'எனக்கு வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும், எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. கொடுத்த பிறகு மனம் உறுத்தினாலும் இரத்த வங்கிக்குத் தொலைபேசியில் பேசி, தன் பையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இரவுக் காவலர் விடிய விடிய விழித்திருந்துவிட்டு நேரே வரக் கூடாது. போதிய தூக்கம் இல்லாத இரவுப் பணியாளரிடம் எடுக்கக் கூடாது என்பது விதியே. அவருக்கு வார விடுப்பு என்றைக்கோ அன்று வரட்டும்.

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். அவர்கள் தலைமுறையில் வறுமையால் இரத்தத்தை விற்று உடம்பு உருகிப்போனவர்களை அவர்கள் பார்த்திருக்கக்கூடும். இரத்தம் கொடுத்தால் மனிதர் தேய்ந்துபோவார் என்ற அச்சம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான் என்பது என் கருத்து. உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின்படி, பணத்துக்கு இரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. இடைவெளி விட்டு, எண்ணிக்கை பார்த்து, மனம் ஒப்பிக் கொடுப்பவருக்கு அந்த நிலை வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைத்தாலும், பையில் உள்ள மருந்துக்கு ஏற்ப 35 அல்லது 42 நாட்கள்தான் தாங்கும். தட்டணுக்கள், அதாவது நாம் பிளேட்லெட் என்று சொல்வது, ஐந்தே நாட்கள்தான். எனவே எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு ஓராண்டு மறந்துபோவதைவிட, போவதற்கு முன் இரத்த வங்கியைக் கூப்பிட்டு எந்தப் பிரிவு தேவைப்படுகிறது என்று கேட்டுக்கொண்டு, ஐந்தாறு பேர் இப்போதும் மீதிப் பேர் பிறகும் கொடுப்பது மேல். குறிப்பாக மே மாதத்தை நினைவில் வையுங்கள். பாளையங்கோட்டையில் முகாம்கள் பெரிதும் கல்லூரிகளை நம்பியே நடக்கின்றன. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டால் அலமாரி காலியாகும். ஆனால் ஹைகிரவுண்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இராதாபுரத்திலிருந்தும் தென்காசிப் பக்கத்திலிருந்தும் வருகிற பிரசவ நோயாளிகளும் நான்குவழிச் சாலையில் அடிபட்டு வருகிறவர்களும் கோடையில் குறைவதில்லை.

பதில் 3: பேட்டைவாசி

எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது நாங்கள் பதினைந்து பேர் முகாமுக்குப் போனோம். என் ஹீமோகுளோபின் 11.8 என்று வந்ததால் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆண்பிள்ளைக்கு இரத்தம் இல்லையா என்று என் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அந்தச் சொல் நெடுநாள் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று திருப்பி அனுப்பிய மருத்துவர்தான் எனக்கு நன்மை செய்தவர். அவர் சொன்னபடி மேலும் பரிசோதித்ததில், குடலில் மெல்ல மெல்ல இரத்தம் கசியும் ஒரு புண் இருப்பது தெரிய வந்து, அதற்கு மருத்துவம் பார்த்துக்கொண்டேன்.

குணமான பிறகு ஐந்து மாதம் உணவில் கவனமாக இருந்தேன். முருங்கைக்கீரையும் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலும் சாப்பிட்டேன். கூடவே நெல்லிக்காய் போன்ற புளிப்பைச் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஏறும் என்றும், சாப்பிட்டவுடன் காப்பி, தேநீர் குடித்தால் அது ஏறாமல் தடுக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். சோறு உண்டதும் கருப்பட்டிக் காப்பி குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அதன்பின் 13.6 வந்தது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை கொடுத்து வருகிறேன். 350 மில்லி கொடுத்தால் ஏறத்தாழ 150 மில்லிகிராம் இரும்பு உடம்பைவிட்டுப் போகிறது என்பதால், கொடுத்த பிறகும் இந்த உணவு முறையை விடுவதில்லை.

பதில் 4: கேள்வி கேட்டவர், சேரன்மகாதேவிப் பெண்

அண்ணாச்சிக்கும், பாளை அக்காவுக்கும், பேட்டை அண்ணனுக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று போய் வந்துவிட்டோம்.

அக்கா எழுதியதை அச்செடுத்து மேலாளரிடம் கொடுத்தேன். அவர் இருமுறை படித்தார். புகைப்படம் வேண்டாம் என்று அவரே குழுவில் செய்தி போட்டார். அதோடு, வர விரும்பாதவர்களும் வந்து திரும்புகிறவர்களும் அரைநாள் விடுப்பை எல்லோரையும் போலவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார். காவலர் அண்ணனும் விரதக்காரர்கள் இருவரும் வேறு நாளில் போகிறார்கள். மற்ற எட்டுப் பேரும் காலை ஒன்பதரைக்கு அங்கே இருந்தோம். படிவம் நிரப்ப ஒரே மேசைதான் இருந்தது, அதனால் ஒருவர் எழுதி முடித்து எழுந்த பிறகே அடுத்தவர் போய் உட்கார்ந்தோம். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். இதனால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று, ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை.

யார் யார் கொடுத்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு 12.1 வந்தது. எடுக்க முடியாது என்று அந்த மருத்துவர் அன்பாகவே சொன்னார், மாத்திரையை மீண்டும் தொடங்கி, மூன்று மாதம் கழித்துத் தை மாதத்தில் வந்து பார்க்கச் சொன்னார். பேட்டை அண்ணனின் பதிலை முன்பே படித்திருக்காவிட்டால் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது, எனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிறகு உள்ளே போய், முதன்முறை கொடுக்கும் ஒரு தோழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பை பாதி நிறைந்தபோது அவளுக்கு முகம் வெளுத்து, உள்ளங்கை சில்லிட்டுப் போயிற்று. செவிலியர் உடனே படுக்கையின் கால்மாட்டை உயர்த்தி, மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொன்னார். ஓரிரு நிமிடத்தில் அவள் தெளிந்துவிட்டாள். அவளுடைய கைக்குப் பக்கத்தில் இருந்த குழாயை நான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது உண்மை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் இரண்டு முழங்கை மடிப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பஞ்சு ஒட்டியிருக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போய் ஒரு கை முருங்கைக்கீரையை ஒடித்துக்கொண்டு வந்தார்கள்.

அலுவலகத்தில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். விரும்பியவர்கள் மட்டும் தங்கள் இரத்தப் பிரிவையும், அடுத்து என்றைக்குக் கொடுக்கலாம் என்ற தேதியையும் அதில் எழுதுகிறார்கள். ஆண்களுக்கு ஜனவரித் தொடக்கமும் பெண்களுக்குப் பிப்ரவரித் தொடக்கமும் வருகிறது. மூன்று பேர் இப்போதே மே மாதத்துக்கு நேராகத் தங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். என் பெயருக்கு நேராக பி பாசிட்டிவ் என்றும், தை என்றும் எழுதியிருக்கிறேன்.